கயிற்றுக் கடையில் இருந்து கைபேசி வரை: பி.யு.சின்னப்பாவின் குரல் வாழ்ந்த கதை

புதுக்கோட்டையில் ஒரு கயிற்றுக் கடை. அங்கே ஒரு சிறுவன் வேலை பார்த்தான். மாதச் சம்பளம் 5 ரூபாய்.

பள்ளிக்கூடப் படிப்பு நாலாம் வகுப்போடு நின்று விட்டது. வீட்டில் வறுமை. ஆனால், தொண்டையில் செல்வம் இருந்தது!

அந்தச் சிறுவன்தான், பிற்காலத்தில் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பேர் விளங்கிய நடிகர் பி.யு.சின்னப்பா.

அவர் வாழ்ந்தது 35 ஆண்டுதான். ஆனால், அவருடைய குரல் இன்னும் வாழ்கிறது. முதலில் அது அரக்குத் தட்டில் இருந்தது. பிறகு ரேடியோவுக்குப் போனது. கேசட்டுக்குப் போனது. கம்ப்யூட்டருக்குப் போனது. இன்று, சட்டைப் பையில் இருக்கும் கைபேசியிலும் ஒலிக்கிறது.

மனிதர் மறைந்தார். குரல் மறையவில்லை. அது எப்படி?

யாரோ சிலர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஒரு கருவி பழசானதும், அடுத்த கருவிக்கு மாற்றினார்கள். அதனால்தான்.

அந்தக் கதையைப் பார்ப்போம்.

நாடகக் குடும்பம்

1916-ம் ஆண்டு மே மாதம் 5-ந் தேதி, புதுக்கோட்டையில் சின்னப்பா பிறந்தார். அப்போது புதுக்கோட்டை ஒரு தனி சமஸ்தானம். மன்னர் ஆட்சி நடந்து வந்தது.

அப்பா பெயர் உலகநாத பிள்ளை. அம்மா மீனாட்சி அம்மாள். பெற்றோர் வைத்த பெயர் சின்னசாமி. அதுதான் பிறகு சின்னப்பா என்று ஆயிற்று. பெயருக்கு முன்னால் உள்ள "பி" என்பது புதுக்கோட்டை. "யு" என்பது உலகநாத பிள்ளை. ஊரையும் தகப்பனாரையும் கடைசி வரை தன் பெயரோடு சுமந்தவர் அவர்.

உலகநாத பிள்ளை ஒரு நாடக நடிகர். ஆகவே, நடிப்பும் பாட்டும் பையனுக்குப் பிறவியிலேயே வந்தன. 5 வயதிலேயே மேடை ஏறி விட்டான்.

நாடகம் என்றால் புகழ் உண்டு, பணம் இருக்காது. ஒரு நாள் விருந்து, ஒரு நாள் பட்டினி. அதனால்தான் பையன் கயிற்றுக் கடைக்குப் போக வேண்டி வந்தது.

ஆனாலும், பாட்டை அவன் விடவில்லை. பஜனை நடந்தால், அங்கே போய் நிற்பான். தானும் பாடுவான்.

அந்தக் காலத்தில் ஒருவர் பாட்டைக் கேட்க வேண்டும் என்றால், அவர் பாடும் இடத்துக்குப் போக வேண்டும். அவர் பாடி முடித்தால் பாட்டும் முடிந்தது. காற்றோடு வந்தது, காற்றோடு போய் விடும். கிராமபோன் என்ற பாட்டுப் பெட்டி இருந்தது உண்மைதான். ஆனால், அது பணக்காரர் வீட்டுச் சாமான்.

15 ரூபாய், 75 ரூபாய் ஆனது

அக்காலத்தில் "பாய்ஸ் கம்பெனி"கள் ஊர் ஊராகப் போய் நாடகம் நடத்தின. அவற்றில் நடித்தவர்கள் எல்லோரும் சிறுவர்கள். பெண் வேடத்தையும் பையன்களே போடுவார்கள்.

டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனி புதுக்கோட்டைக்கு வந்தபோது, சின்னப்பா அதில் சேர்ந்தார். சில மாதம் அங்கே இருந்தார். பிறகு, "மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி"யில் சேர்ந்தார். அங்கே மாதச் சம்பளம் 15 ரூபாய்.

ஒரு நாள், சின்னப்பா தன் அறையில் உட்கார்ந்து தனக்குத் தானே பாடிக் கொண்டு இருந்தார். கம்பெனி முதலாளி சச்சிதானந்தம் பிள்ளையின் காதில் அது விழுந்தது. பாடுவது யார் என்று விசாரித்தார். சிறுவன் என்று தெரிந்ததும் வியந்து போனார். சம்பளம் 75 ரூபாய் ஆயிற்று. பெரிய வேடங்களும் வந்தன. இப்படி ஒரு செய்தியை நாடக உலகில் சொல்வார்கள்.

அதே கம்பெனியில் இன்னொரு சிறுவனும் நடித்து வந்தார். அவர்தான், பின்னாளில் தமிழ்நாட்டின் முதல்-அமைச்சர் ஆன எம்.ஜி.ஆர்.

அன்றைய மேடையில் மைக் கிடையாது. ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்து இருப்பவருக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். ஆகவே, உச்சக் குரலில் பாட வேண்டும். விடிய விடிய பாட வேண்டும். சின்னப்பாவின் குரலில் இருந்த கணீர் என்ற வலிமை, அப்படிப் பாடிப் பாடி வந்தது.

குரல் உடைந்தது

சிறுவர்கள் எல்லோருக்கும் வரும் சோதனை சின்னப்பாவுக்கும் வந்தது. வயது ஏறியதும் குரல் உடைந்தது. பழைய இனிமை போய் விட்டது.

பாய்ஸ் கம்பெனியில் குரல் உடைந்தால் பிழைப்பும் உடைந்தது என்று பொருள். பலர் அதோடு நாடகத்தை விட்டு, வேறு வேலைக்குப் போனார்கள்.

சின்னப்பா அப்படிச் செய்யவில்லை. கம்பெனியில் இருந்து விலகி, முறையாகச் சங்கீதம் கற்றுக் கொண்டார். திருவையாறு சுந்தரேச நட்டுவனார், காரை நகர் வேதாசல பாகவதர் ஆகியோர் அவருக்குக் குருக்கள். சாதகம் செய்து, உடைந்த குரலை மீண்டும் கட்டினார். பையனாக இருந்தபோது வந்தது கடவுள் கொடுத்த குரல். இப்போது வந்தது அவர் உழைத்துச் சம்பாதித்த குரல்.

உடற்பயிற்சியும் செய்தார். சிலம்பம் கற்றார். பளு தூக்கினார். பிற்காலத்தில் திரையில் கத்திச் சண்டை போட்டபோது, இந்தப் பயிற்சி கை கொடுத்தது.

சினிமா அழைத்தது

1931-ம் ஆண்டு அக்டோபர் மாதம், முதல் தமிழ் பேசும் படமான "காளிதாஸ்" வெளிவந்தது. ஊமைப் படம் போய் பேசும் படம் வந்தது. பேசினால் போதாது, பாடவும் வேண்டும் என்று மக்கள் விரும்பினார்கள். சினிமா முதலாளிகள் நாடக மேடையைத் தேடி வந்தார்கள்.

1936-ல் ஜுபிடர் பிக்சர்ஸ் தயாரித்த "சந்திரகாந்தா" படத்தில், சுண்டூர் இளவரசன் வேடத்தில் சின்னப்பா நடித்தார். அப்போது அவருக்கு வயது 20.

அந்தப் படம் அவரை எல்லோருக்கும் அறிமுகம் செய்தது. தொடர்ந்து "ராஜமோகன்", "யயாதி", "அநாதைப் பெண்", "மாத்ருபூமி" முதலிய படங்களில் நடித்தார். ஆனால், எதிர்பார்த்த உயரம் கிடைக்கவில்லை. மெல்ல மெல்ல வாய்ப்பு குறைந்தது.

மனம் வெறுத்துப் போன சின்னப்பா, ஊருக்குத் திரும்பினார். மவுன விரதம் இருந்தார். ஊரைப் பாட்டால் மயக்கியவர், ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து விட்டார்!

அந்த மவுனத்தைக் கலைத்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர்.சுந்தரம். தன்னுடைய புதுப் படத்துக்கு அவரைக் கதாநாயகனாகப் போட்டார். படத்தின் பெயர் "உத்தமபுத்திரன்".

ஒரே ஆள், இரண்டு வேடம்

"உத்தமபுத்திரன்" 1940-ல் வெளிவந்தது. நல்லவன் ஒருவன், கெட்டவன் ஒருவன். இரண்டு பேரும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டு வேடத்திலும் சின்னப்பாவே நடித்தார். தமிழ் சினிமாவில் கதாநாயகன் இரட்டை வேடம் போட்டது அதுதான் முதல் தடவை.

ஒரே மனிதர் இரண்டு இடத்தில் நிற்பதைப் பார்த்து மக்கள் அசந்து போனார்கள். படம் சக்கைப்போடு போட்டது.

அடுத்து 1941-ல் "ஆர்யமாலா" வந்தது. கோவை பட்சிராஜா பிலிம்ஸ் தயாரித்த படம். காத்தவராயனாக நடித்தார். 1942-ல் "கண்ணகி". அதில் சின்னப்பா கோவலன், பி.கண்ணாம்பா கண்ணகி. இளங்கோவன் வசனம் எழுதினார். படம் அமோக வெற்றி பெற்றது. அதே ஆண்டு "மனோன்மணி", "பிருதிவிராஜன்" ஆகிய படங்களும் வந்தன. "பிருதிவிராஜன்" படத்தில் தன்னோடு நடித்த ஏ.சகுந்தலாவை, 1944-ல் சின்னப்பா மணந்து கொண்டார்.

அந்த நாளில் தமிழ்நாட்டு ரசிகர்கள் இரண்டு கட்சியாக இருந்தார்கள். ஒரு பக்கம் எம்.கே.தியாகராஜ பாகவதர் கட்சி. இன்னொரு பக்கம் சின்னப்பா கட்சி. பாகவதரின் குரல் தேன் என்று ஒரு கட்சி சொல்லும். சின்னப்பாவின் குரல் வெண்கலம் என்று மறு கட்சி சொல்லும். டீக்கடையில் தொடங்கும் சண்டை வீடு வரை போகும்.

ஐந்து சின்னப்பாக்கள்!

1944-ல் "ஜகதலப்ரதாபன்" வந்தது. அதில் ஒரு கச்சேரிக் காட்சி. பாடுகிறவர் சின்னப்பா. பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களும் சின்னப்பா. மொத்தம் ஐந்து சின்னப்பாக்கள் ஒரே மேடையில் உட்கார்ந்து இருந்தார்கள்!

கொட்டகையில் இருந்தவர்களுக்கு இது மாயமாகத் தோன்றியது. உண்மையில் இது காமிரா செய்த வேலை. காமிராவின் முன்னால் ஒரு பகுதியை மட்டும் திறந்து வைத்து, மற்ற பகுதியை மறைத்து விடுவார்கள். முதலில் ஓர் ஓரத்தில் நடிகரைப் படம் எடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னால் சுற்றி, அடுத்த பகுதியைத் திறந்து, வேறு வேடத்தில் எடுப்பார்கள். இப்படி ஒவ்வொரு ஆளாகச் சேர்ப்பார்கள். அதோடு பாட்டும் தாளமும் கொஞ்சமும் பிசகாமல் ஒத்து வர வேண்டும். தாள ஞானம் இல்லாத நடிகரால் இதைச் செய்ய முடியாது.

அது யுத்த காலம். பிலிம் கிடைப்பது அரிது. படத்தின் நீளம் 11 ஆயிரம் அடிக்கு மேல் போகக் கூடாது என்று 1943-ல் அரசாங்கம் உத்தரவு போட்டது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேதான் இப்படிப்பட்ட வித்தையைக் காட்டினார்கள்.

1949-ல் "மங்கையர்க்கரசி" வந்தது. அதில் சின்னப்பாவுக்கு மூன்று வேடம்.

கருவி ஒரு மனிதனின் உருவத்தைப் பலவாகப் பெருக்கியது. அதே போல, அவருடைய குரலையும் ஒரு கருவி பெருக்கியது. அதன் பெயர் கிராமபோன்.

கைப்பெட்டியில் வந்த கச்சேரி

இப்போதுள்ள பிள்ளைகள் இசைத்தட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

10 அங்குல அகலமுள்ள கறுப்புத் தட்டு. மரத்தில் வாழும் சிறு பூச்சிகள் தரும் அரக்கைச் சேர்த்துச் செய்தது. தட்டின் மேல் வட்டம் வட்டமாக மெல்லிய கோடு இருக்கும். அந்தக் கோட்டின் நெளிவில்தான் பாட்டு இருக்கிறது.

தட்டைப் பெட்டி மேல் வைத்து, கைப்பிடியைச் சுற்றி வில்லை முறுக்க வேண்டும். தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். இரும்பு ஊசி கோட்டில் ஓடும்போது நடுங்கும். அந்த நடுக்கமே பாட்டாக வெளிவரும். மின்சாரம் தேவை இல்லை.

ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் பாட்டு. பிறகு தட்டைத் திருப்பிப் போட வேண்டும். ஊசியையும் மாற்ற வேண்டும்.

பெரிய குழாய் வைத்த கிராமபோனை எல்லோரும் படத்தில் பார்த்து இருப்பார்கள். சின்னப்பா புகழோடு இருந்த காலத்தில், மூடினால் கைப்பெட்டி போல் ஆகி விடும் கிராமபோனும் வந்து விட்டது. கல்யாண வீட்டுக்குத் தூக்கிப் போகலாம். மாட்டு வண்டியில் வைத்துக் கொண்டு போகலாம். இன்று நாம் பையில் போட்டுக் கொண்டு போகும் பாட்டுக் கருவிக்கு, அதுதான் பாட்டனார்!

தட்டுகளை அச்சிடும் பெரிய தொழிற்சாலை, கல்கத்தா அருகே டம்டம் என்ற ஊரில் இருந்தது. அங்கே தயாரான தட்டுகள் ரெயில் ஏறித் தென்னாடு வந்தன. புதுக்கோட்டைக்குப் பக்கத்து ஊரான காரைக்குடியைச் சேர்ந்த ஏ.வி.மெய்யப்ப செட்டியார், பங்காளிகளுடன் சேர்ந்து "சரஸ்வதி ஸ்டோர்ஸ்" நடத்தி, இசைத்தட்டு விற்றார். அவர்தான் பிறகு ஏ.வி.எம். ஸ்டூடியோவை நிறுவியவர்.

சின்னப்பாவின் பாட்டுகளும் தட்டாக வெளிவந்தன. கொட்டகையே இல்லாத கிராமத்திலும் அவர் குரல் கேட்டது. படத்தைப் பார்க்காதவர்களும் பாட்டைப் பாடினார்கள். ஒருவர் வீட்டில் தட்டு இருந்தால் போதும். தெருவே திண்ணையில் கூடி விடும்.

தட்டு வாங்கியவர் ஒரு முறைதான் பணம் கொடுத்தார். பிறகு அது அவருடைய சொத்து. பேரன் காலம் வரை போட்டுக் கேட்கலாம். உடையாமல் பார்த்துக் கொள்ள வேண்டியது ஒன்றுதான்.

லைசென்ஸ் கட்டிக் கேட்ட பாட்டு

1939-ம் ஆண்டு மே மாதம், புதுக்கோட்டைக்கு அடுத்த ஊரான திருச்சியில் ரேடியோ நிலையம் தொடங்கியது.

ரேடியோவின் முறை வேறு. அதில் பாட்டு நம் கையில் இருக்காது. நிலையத்தார் போடும்போது கேட்க வேண்டும். மேலும், ரேடியோ வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ வைத்திருப்பது குற்றம். 1980-களில்தான் இந்த முறை ஒழிந்தது.

தட்டு என்றால் சொந்தம். ரேடியோ என்றால் ஆண்டுக் கட்டணம். இந்த இரண்டு முறையும் இன்று வேறு உருவத்தில் நம் முன்னால் நிற்கின்றன. அதைப் பிறகு பார்க்கலாம்.

வீடு வாங்கக் கூடாது!

புகழோடு பணமும் வந்தது. 5 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கயிற்றுக் கடையில் நின்றவர், புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கினார். விலைக்கு வந்த வீட்டை எல்லாம் அவரே வாங்கியதால், இனிமேல் சின்னப்பா ஊரில் வீடு வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டது என்று புதுக்கோட்டையில் இன்றும் சொல்வார்கள்.

சென்னையிலும் சேலத்திலும் கோவையிலும் வேலை இருந்தாலும், அவர் மனம் சொந்த ஊரிலேயே இருந்தது. வறுமையில் வளர்ந்த ஊரில், தலை நிமிர்ந்து நடக்க ஆசைப்பட்டார்.

1948-ம் ஆண்டு மார்ச் மாதம் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. மன்னர் ஆட்சி முடிந்தது. ஆனால், அந்த ஊரின் பாட்டு ராஜா இன்னும் கொடி கட்டிப் பறந்தார். 1949-ல் மட்டும் "மங்கையர்க்கரசி", "கிருஷ்ண பக்தி", "ரத்னகுமார்" ஆகிய 3 படங்கள் வந்தன.

திடீர் மரணம்

1951-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 23-ந் தேதி.

புதுக்கோட்டையில் இருந்த சின்னப்பா, திடீர் என்று ரத்த வாந்தி எடுத்தார். சிறிது நேரத்தில் உயிர் பிரிந்து விட்டது. அப்போது அவருக்கு வயது 35.

செய்தி கேட்டுத் தமிழ்நாடு கலங்கியது. மனைவியையும் சிறு வயது மகனையும் விட்டு விட்டு அவர் போய் விட்டார். அவர் நடித்து முடித்த "சுதர்ஸன்" படம், அவர் மறைந்த பிறகுதான் திரைக்கு வந்தது. இறந்தவர் பாடுவதைப் பார்த்து ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள்.

பிறகு புதிய நடிகர்கள் வந்தார்கள். பின்னணிப் பாடகர்கள் வந்தார்கள். நடிகருக்குப் பாடத் தெரிய வேண்டும் என்ற காலம் மாறியது. சின்னப்பா நடித்த தொடக்க காலப் படங்களில் பல, இன்று பார்க்கக் கிடைப்பது இல்லை. அன்றைய பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். நாளானால் மட்கிப் போகும்.

படம் போனாலும் பாட்டு தப்பியது. காரணம் என்ன? ஒரு படத்துக்கு இருந்த பிரதிகள் சில. இசைத்தட்டோ வீடு வீடாகப் பரவி இருந்தது. ஓர் ஊரில் உடைந்தால், இன்னொரு ஊரில் இருக்கும். பலர் கையில் இருந்ததால் அது பிழைத்தது.

தட்டில் இருந்து பைக்கு

1960-களில் கேசட் வந்தது. தட்டில் இருந்த பாட்டை நாடாவில் பதிவு செய்தார்கள். 1979-ல் ஜப்பான் நாட்டு சோனி கம்பெனி "வாக்மேன்" என்ற சிறு கருவியைக் கொண்டு வந்தது. நடந்து கொண்டே பாட்டுக் கேட்கலாம்.

பிறகு கம்ப்யூட்டர் காலம். பாட்டை எண்களாக மாற்றிச் சேமித்தார்கள். 1990-களில் "எம்.பி.3" என்ற முறை பரவியது. மனிதனின் காது கவனிக்காத ஒலிகளை விலக்கி விட்டு, பாட்டைச் சுருக்கும் முறை அது. 3 நிமிடப் பாட்டைச் சுருக்காமல் வைத்தால், சுமார் 30 மெகாபைட் இடம் பிடிக்கும். எம்.பி.3 ஆக்கினால் சுமார் 3 மெகாபைட் போதும்.

2001-ல் அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி "ஐபாட்" கருவியை விற்கத் தொடங்கியது. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கருவியில், 1,000 பாட்டு வைக்கலாம் என்றார்கள். பக்கத்துக்கு ஒரு பாட்டு வீதம் கணக்குப் போட்டால், அது 500 இசைத்தட்டு! நம் ஊரில் கைபேசிக் கடைகளில், மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்தார்கள்.

இப்படி ஒவ்வொரு படியிலும், பழைய பாட்டில் ஆசை வைத்த ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, சின்னப்பாவின் குரலை அடுத்த கருவிக்கு மாற்றினார். அந்த மனிதர்கள் இல்லை என்றால், கயிற்றுக் கடைப் பையனின் குரல் என்றோ அடங்கி இருக்கும்.

மாதக் கட்டணப் பாட்டு

இப்போது இன்னொரு முறை வந்து இருக்கிறது. மாதந்தோறும் பணம் கட்டினால், லட்சக் கணக்கான பாட்டுகளைக் கைபேசியில் கேட்கலாம். பாட்டு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கும். இன்டர்நெட் வழியாக நம்மிடம் வரும்.

இது நல்ல வசதிதான். பாட்டி மறந்து போன பாட்டை, பேத்தி ஒரு நிமிடத்தில் தேடிப் போட்டுக் காட்டலாம். பாட்டின் உரிமைக்காரருக்கும் பணம் போய்ச் சேரும்.

ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. இது வாடகைச் சைக்கிள் மாதிரி. பணம் கட்டும் வரை ஓட்டலாம். நேரம் முடிந்தால் கடையில் விட்டு விட வேண்டும். கைபேசியில் இறக்கி வைத்த பாட்டும், கட்டணம் நின்றால் பாடாது. அதை எடுத்து வேறு கருவியில் போடவும் முடியாது.

கட்டணம் தவறாமல் கட்டினாலும், சில சமயம் பாட்டு மறைந்து விடும். 2019-ல் இப்படி நடந்தது. பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுகளை வெளியிட்ட கிராமபோன் கம்பெனிக்கு இப்போது பெயர் "சரிகம". அந்தக் கம்பெனிக்கும், "ஸ்பாட்டிபை" என்ற இசைச் சேவைக்கும் உரிமைத் தகராறு வந்தது. வழக்கு டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனது. சரிகமவின் பாட்டுகள் அந்தச் சேவையில் இருந்து எடுக்கப்பட்டன. 2020-ம் ஆண்டு ஜூன் மாதம் உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் திரும்பி வந்தன.

இரண்டு கம்பெனிகளுக்குள் தகராறு. பாட்டை இழந்தவர், வீட்டில் உட்கார்ந்து கேட்டவர்! அலமாரியில் தட்டு வைத்து இருந்தவருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

பரண் மேல் பாருங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்திலும் செட்டிநாட்டிலும், பழைய வீடுகளின் பரண் மேல் இன்னும் இசைத்தட்டுகள் கிடக்கக் கூடும். குப்பை என்று நினைத்துக் காயலான் கடையில் போட்டு விடாதீர்கள்.

தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். வெயில் படக் கூடாது. தூசியை மெல்லிய துணியால் துடையுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால், அரக்கு கரைந்து தட்டே பாழாகி விடும்.

பாட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது கடினம் அல்ல. மின்சாரத்தில் ஓடும் தட்டுக் கருவி வேண்டும். 78 சுற்றுத் தட்டுக்கு உரிய அகலமான ஊசி வேண்டும். சாதாரண எல்.பி. ஊசி போட்டால் இரைச்சல் மிகும். கருவியைக் கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைத்து, பாட்டைப் பதிவு செய்யலாம். முதலில் சுருக்காமல் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு பையில் கொண்டு போக எம்.பி.3 பிரதி எடுங்கள். பாட்டின் பெயர், படம், ஆண்டு, பாடியவர் பெயர் ஆகியவற்றைத் தவறாமல் எழுதுங்கள். பெயர் இல்லாத பாட்டு, முகவரி இல்லாத கடிதம் போன்றது.

பாட்டுக் கருவியையோ கைபேசியையோ கம்ப்யூட்டரோடு கம்பியால் இணைத்து, பாட்டை அதில் ஏற்றலாம். ஏறி முடிந்ததும், கருவியை வெளியேற்றும்படி கம்ப்யூட்டரில் சொல்லி விட்டுக் கம்பியை எடுங்கள். பாதியில் பிடுங்கினால் பாட்டு கெட்டுப் போகலாம். பிரதிகளை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும்.

இந்தியச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை அது வெளியானதில் இருந்து 60 ஆண்டு. பாட்டை எழுதியவரின் உரிமை வேறு. அது அவர் இறந்த பிறகும் 60 ஆண்டு தொடரும். ஆகவே, வீட்டில் கேட்கப் பிரதி எடுப்பது வேறு, விற்பது வேறு.

எது மிஞ்சியது?

மாதக் கட்டணம் கட்டிப் பாட்டுக் கேட்பதில் தவறு இல்லை. ஆனால், மனதுக்குப் பிடித்த நாலு பாட்டாவது நம் சொந்தக் கையில் இருக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களின் குரலையும் அப்படியே பதிவு செய்து வைக்க வேண்டும்.

சின்னப்பா ஆசை ஆசையாக வீடுகள் வாங்கினார். அவற்றில் ஒன்றையும் அவர் கூடவே கொண்டு போகவில்லை. யாரோ முகம் தெரியாதவர்கள் அவருடைய பாட்டுத் தட்டை வாங்கி, உறை போட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

அவர்கள் பூட்டி வைத்ததுதான், 35 வயதில் மறைந்த அந்த மனிதருக்கு மிஞ்சிய சொத்து.